ஹைட்ரஜன்: கல்லா ஒன்று, முகப்பு எத்தனையும்

கைத்தறிச் சேலையை இணையத்தில் விற்பவர்களுக்கு இருக்கும் பெரிய சிக்கல், அதைக் காட்டுகிற விதம். உடல், கரை, முந்தானை, ரவிக்கைத் துணி என நான்கையும் பார்த்த பிறகுதான் வாங்குபவர் மனம் நிலைக்கும். ரெடிமேட் தீம்களோ டி-ஷர்ட்டுக்கும் செருப்புக்கும் ஒருசேரப் பொருந்தும்படி செய்யப்பட்டவை. நான்கு படங்களை வரிசையாக அடுக்குவதோடு அவற்றில் பலவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. ஹெட்லெஸ் காமர்ஸ் என்ற ஏற்பாடு இங்கேதான் கைகொடுக்கிறது. சரக்கு, விலை, கையிருப்பு, ஆர்டர் எல்லாம் பின்னால் ஓரிடத்தில் இருக்கும். வாடிக்கையாளர் பார்க்கும் முகப்பை நம் விருப்பப்படி தனியாகக் கட்டிக்கொள்ளலாம். இரண்டும் தகவல் பரிமாறிக்கொள்ள நடுவே ஏபிஐ.

இந்த வகையில், இணையக் கடை நடத்த உதவும் தளமான ஷாப்பிஃபை தரும் கருவி ஹைட்ரஜன். 2022 ஜூனில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. சேலைகளை ஏற்றி ஒரு சோதனைக் கடை அமைத்து இதை ஓட்டிப் பார்த்தேன்.

நிறுவ ஒரே கட்டளை போதும். மாதிரிச் சரக்கு போதுமா அல்லது சொந்தக் கடையை இணைக்க வேண்டுமா, ஜாவாஸ்கிரிப்டா டைப்ஸ்கிரிப்டா, பல மொழிகள் இருந்தால் முகவரி எப்படி அமைய வேண்டும் என்று சில கேள்விகள் வரும். பதில் சொல்லி முடித்ததும் பொருள் பக்கம், கூடை, தேடல் எல்லாம் உள்ள ஒரு மொட்டைக் கடை கணினியில் ஓடத் தொடங்குகிறது. ரியாக்ட் தெரிந்த டெவலப்பருக்கு இது பழகிய இடம்தான்.

சேலைப் பக்கத்தை முழுக்க மாற்றி எழுதினேன். நூல் எண், நெய்த ஊர், கரையின் அகலம் ஆகியவற்றுக்கு மெட்டாஃபீல்டுகள் (பொருளோடு சேர்க்கும் கூடுதல் விவரப் புலங்கள்) போட்டு, நான்கு பகுதிப் படங்களையும் தனித்தனியாக இணைத்தேன். போனில் விரித்த சேலையின் கோட்டுப்படம் ஒன்று வரும். முந்தானையைத் தொட்டால் முந்தானை மட்டும் திரையை நிறைக்கும். மெட்டாஃபீல்டு தீமிலும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே பக்கம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதில் கடைசிப் புள்ளி வரை நம் கை ஓங்கியிருக்கிறது.

மொழி விஷயத்தில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஷாப்பிஃபையின் ஸ்டோர்ஃப்ரண்ட் ஏபிஐ, கிராஃப்கியூஎல் முறையில் இயங்குவது. நமக்குத் தேவையான விவரத்தை மட்டும் கேட்டு வாங்கலாம். கேட்கும்போதே 'மொழி தமிழ், நாடு இந்தியா' என்று சேர்த்துச் சொன்னால், மொழிபெயர்ப்பு ஏற்றியிருக்கும் சேலைக்குத் தமிழ்ப் பெயரும் தமிழ் விளக்கமும் வருகின்றன. மொழியை மாற்றிக் கேட்டால் அதே வினவல் ஆங்கிலத்தில் பதில் தருகிறது. பக்கத்தை இரண்டாவது முறை எழுத வேண்டியதில்லை.

அடுத்து, இரண்டாவது முகப்பு. ஹெட்லெஸ் ஏற்பாட்டின் உண்மையான பலன் என்று நான் கருதுவது இதைத்தான். கண்காட்சியில் மேசைமேல் வைக்கும் டேப்லெட்டுக்காக, விற்பனைக்கு இருக்கும் சேலைகளை மட்டும் பெரிய படங்களாகக் காட்டும் சின்னப் பக்கம் ஒன்றைத் தனியே எழுதினேன். அதுவும் அதே ஏபிஐயிடம்தான் கேட்கிறது. கைத்தறியில் பல சேலைகள் ஒரே ஒரு பிரதிதான். ஒரு முகப்பில் விற்ற சேலை இன்னொன்றில் இருப்பதாகக் காட்டினால் வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிவரும். பின்னால் இருக்கும் கணக்கு ஒன்றே என்பதால், முகப்புகளுக்குத் தனித்தனிப் பட்டியல் வைத்து ஒத்துப்பார்க்கும் வேலை இல்லை. நாளைக்கு மொபைல் செயலி செய்தாலும் சரக்கை மறுபடி ஏற்ற வேண்டாம். பணம் செலுத்தும் பக்கம் ஷாப்பிஃபையுடையதாகவே இருப்பதால், கடையில் ஏற்கெனவே இணைத்திருக்கும் பேமென்ட் கேட்வே அப்படியே வேலை செய்யும்.

வேகத்தைப் பற்றி விளம்பரங்கள் நிறையப் பேசுகின்றன. பக்கத்தின் முக்கியப் பகுதியை முதலில் அனுப்பிவிட்டு, 'இதையும் பாருங்கள்' பட்டியலைப் பின்னால் அனுப்பும் வசதி ஹைட்ரஜனில் நன்றாக இருக்கிறது. வேகத்துக்கு அடிப்படை, ஒருமுறை வாங்கிய பதிலைச் சேமித்துவைத்துத் தரும் கேஷ். அதில் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். எதுவும் குறிப்பிடாமல் விட்டால், ஒரு பதில் 1 நொடிதான் புதியது. அதன்பின் ஏறக்குறைய 24 மணி நேரம் வரை, வருபவருக்குப் பழைய பதிலைக் காட்டிவிட்டுப் பின்னணியில் புதியதை எடுத்துவைக்கும். கூட்டமுள்ள கடையில் இது தெரியவே தெரியாது. ஒரு நாளைக்குப் பத்துப் பேர் மட்டும் வரும் கடையில், காலையில் விலையை மாற்றினால் முதலில் வருபவர் நேற்றைய விலையைப் பார்த்துவிட்டுக் கூடையில் வேறு விலையைக் காண்பார். விலையும் கையிருப்பும் வரும் வினவல்களுக்கு 'கேஷ்ஷார்ட்' என்று எழுதிவிடுங்கள். பழைய பதில் 10 நொடிக்குமேல் நிற்காது. திருப்பி அனுப்பும் விதிமுறை போன்ற பக்கங்களுக்கு 'கேஷ்லாங்' போதும்.

இனி இழப்பு. ஷாப்பிஃபையின் தீம் எடிட்டர் ஹைட்ரஜன் முகப்புக்குக் கிடையாது. தீபாவளிக்கு முகப்புப் படத்தை மாற்றக் கடைக்காரர் இழுத்துப்போட்டு வேலை முடித்த காலம் போய்விடும். படத்தையும் வாசகத்தையும், கடைக்காரரே திருத்தக்கூடிய மெட்டாஆப்ஜெக்டுகளாக முன்கூட்டியே அமைத்துக் கொடுத்தால்தான் அவர் கையில் அது திரும்ப வரும். எனவே டெவலப்பரிடம் பேசும்போது இதை முதல் நிபந்தனையாக வையுங்கள். பின்கோடு சரிபார்ப்பு, நட்சத்திர மதிப்பீடு என்று தீமுக்குள் செருகிக்கொள்ளும் ஆப்களும் இங்கே தானாகத் தோன்றாது. ஏபிஐ தரும் ஆப்களாகப் பார்த்து எடுத்து, ஒவ்வொன்றையும் இணைக்க வேண்டும்.

ஹோஸ்டிங் செலவு ஒரு பொருட்டல்ல. ஷாப்பிஃபையின் சொந்த ஹோஸ்டிங்கான ஆக்சிஜன், ஸ்டார்ட்டர் தவிர்த்த கட்டணத் திட்டங்களில் கூடுதல் பணம் இல்லாமல் கிடைக்கிறது. கிட்ஹப்பில் மாற்றத்தை ஏற்றினால், வெளியிடுமுன் பார்த்துக்கொள்ள முன்னோட்ட முகவரியும் வந்துவிடுகிறது. ஆள் செலவுதான் தொடர்ந்து இருக்கும். ஏபிஐக்கு மூன்று மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 12 மாத ஆதரவு. ஹைட்ரஜனின் அடித்தளமே 2023-ல் ரீமிக்ஸுக்கும், 2025-ல் ரியாக்ட் ரவுட்டருக்கும் மாறியது. கட்டிக் கொடுத்துவிட்டுப் போகும் டெவலப்பரை நம்பி இதில் இறங்கக் கூடாது.

ஒரே இணையதளம், வழக்கமான பொருள்கள் என்றால் நல்ல தீம் ஒன்றே போதும். மிச்சப்படும் பணத்தைப் படங்களுக்குச் செலவிடுங்கள். தளம், செயலி, கண்காட்சித் திரை எனப் பல முகப்புகள் வைத்திருப்பவர்களுக்கும், கைத்தறி போல விளக்கிக் காட்டி விற்க வேண்டிய பொருள் வைத்திருப்பவர்களுக்கும் ஹைட்ரஜனைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். முழுக்கடையையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். தற்போதைய தீம் அப்படியே ஓடட்டும். துணை முகவரி ஒன்றில் ஒரு வகைச் சேலைகளை மட்டும் ஹைட்ரஜனில் போட்டு, ஒரு பண்டிகைக் காலம் விற்றுப் பாருங்கள். டெவலப்பருக்குக் கைப்பழக்கம் வர, ஷாப்பிஃபை கணக்குகூட இல்லாமல் மாக்.ஷாப் தரும் மாதிரிச் சரக்கில் இன்றே தொடங்கலாம்.