மார்கழிப் பனியை முந்தின இரவே பார்த்துவிடலாம்

மார்கழியை ரசிப்பது என்றதும் எல்லோரும் அலாரம் வைக்கும் நேரத்தைத்தான் பேசுகிறார்கள். நாலரையா, ஐந்தா? என்னைக் கேட்டால் முந்தின இரவு ஒன்பது மணி என்பேன். சாப்பாட்டை முடித்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்து, கொடியில் தொங்கும் துணி அசையாமல் இருந்தால் காலையில் பனியை எதிர்பார்க்கலாம். மேகமோ காற்றோ இருந்தால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குங்கள். நஷ்டம் ஒன்றுமில்லை.

பகலில் வாங்கிய சூட்டை நிலமும் இலையும் இரவெல்லாம் வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கின்றன. மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வரும். வானம் வெளுத்திருந்தால் போனது போனதுதான். அப்போது இலை தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் துளியாகப் படிகிறது. மேலிருந்து எதுவும் விழுவதில்லை. தெருவில் நின்ற ஸ்கூட்டரின் சீட் நனைந்திருக்க, மாமரத்தடியில் நின்றது காய்ந்திருப்பது இதனால்தான். மரம் வானத்தை மறைத்துவிடுகிறது.

ஊட்டி தாவரவியல் பூங்காவில் உறைபனிக் காலத்தில் நாற்றுகளின் மேல் மிலார் செடிக் கிளைகளைப் போர்த்தி வைப்பார்கள். செய்வது அதே வேலைதான்: செடிக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு மறைப்பு. கடலோர மாவட்டங்களில் மார்கழியின் முதல் பாதியில் வடகிழக்குப் பருவமழையின் மிச்ச மேகம் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு வாரம்தான் சீக்கிரம் எழ முடியும் என்பவர்கள், அதை ஜனவரிக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

விடிந்ததும் இலைகளைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். இலைப்பரப்பு முழுக்கப் பொடிப்பொடியாகப் படிந்திருப்பது பனி. புல்லின் நுனியிலோ தக்காளி இலையின் ஓரப் பற்களிலோ வரிசையாக ஒவ்வொரு சொட்டு நின்றால், அது பெரும்பாலும் செடியே வெளியேற்றிய நீர். வேர் இரவில் உறிஞ்சிய நீர் ஆவியாகப் போக வழியில்லாமல் இலை ஓரத்துத் துளைகள் வழியே கசிகிறது. இந்த வித்தியாசம் ஒருமுறை பிடிபட்டுவிட்டால் தோட்டத்தைச் சுற்றிவர அரைமணி நேரம் கூடுதலாக ஆகும்.

காதுக்கும் வேலை உண்டு. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேல்காற்று சூடாகவும் இருப்பதால், மேலே போகவேண்டிய ஓசை வளைந்து கீழே இறங்குகிறது. பகலில் கேட்காத ரயில் சத்தம் விடியற்காலையில் வீட்டுக்குள் வருவது அதனால்தான். கோயில் ஒலிபெருக்கியும் அப்படித்தான், அதை ரசிப்பது அவரவர் பாடு. இதே காற்றடுக்குதான் போகிப் புகையையும் மேலே போகவிடாமல் தெருவிலேயே அமுக்கி வைக்கிறது. பழைய பாய் எரிந்தாலே மூச்சு முட்டும், டயரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அவரையும் மொச்சையும் இந்த மாதத்தின் ராஜாக்கள். பகல் குறுகி இரவு நீண்டால்தான் நாட்டு ரகங்கள் பூக்கும். ஆடியில் போட்ட கொடி ஐப்பசிவரை வெறும் இலையாகப் படர்ந்து பொறுமையைச் சோதிப்பது அதனால்தான். இப்போது கொத்துக் கொத்தாகக் காய்க்கும், கூடவே அசுவினியும் வரும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். தண்ணீர் ஊற்றுவதை மட்டும் காலைக்கு மாற்றுங்கள், அதுவும் வேரடியில். ஏற்கெனவே இரவெல்லாம் நனையும் இலையைச் சாயங்காலமும் நனைப்பது பூஞ்சைக்கு விருந்து வைப்பது.

வாசலில் சாணி உருண்டையில் வைக்கப் பூசணிப்பூ பறிப்பவர்கள் காம்பைக் கவனியுங்கள். நீண்ட காம்பில் நிற்பது ஆண் பூ. அடியில் குட்டிப் பிஞ்சோடு இருப்பது பெண் பூ, அதைத் தொடவேண்டாம். ஆண் பூக்களிலும் இரண்டு மூன்றைக் கொடியிலேயே விட்டுவையுங்கள். வண்டு வந்து மகரந்தம் சேர்க்காவிட்டால் பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும். பூ விடியலில் விரிந்து உச்சிப்பொழுதுக்குள் வாடிவிடுவதால் வண்டுக்குக் கிடைப்பது ஒரே ஒரு காலைதான். கோலத்துக்கு அரிசி மாவு எடுங்கள். கல் மாவை எறும்பு சீந்தாது.

வீட்டுக்குள் தெர்மாமீட்டர் தேவையில்லை. தேங்காய் எண்ணெய் உறைந்திருந்தால் அறை 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். இட்லி மாவும் அன்றைக்குத் தாமதமாகத்தான் பொங்கும். சாயங்காலமே அரைத்து, அடுப்பு அணைத்த மேடையில் வையுங்கள்.

மார்கழிப் பௌர்ணமியைத் தவறவிடாதீர்கள். நள்ளிரவில் நிலா கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும். பக்கத்தில் செம்மஞ்சளாக ஒரு நட்சத்திரம் தெரிந்தால் அதுதான் திருவாதிரை. ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு ஆண்டிலேயே மிக அருகில், ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. நமக்குக் குளிர்வது சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால்.

மார்கழியில் எழுந்திருக்கவே முடியவில்லை என்பவர்கள் வருந்த வேண்டாம். சென்னையில் ஆண்டின் மிகத் தாமதமான சூரியோதயம் ஜனவரியின் பிற்பகுதியில்தான், அதுவும் ஆறரை மணி தாண்டி. தை பிறந்த பிறகும் பனி இருக்கும்.