முட்டைப் பந்தும் உருண்டைப் பந்தும்

வன்னிப் பெருநிலத்திலே காலபோக அறுவடை முடிந்து, நெல் விற்ற காசு கைக்கு வந்து, சோளகம் எழும்பிப் புழுதியை வாரி இறைக்கத் தொடங்குவதற்கு முன்னர் கிடைக்கின்ற சொற்ப வாரங்களில், கிளிநொச்சியின் குடியேற்றக் கிராமங்களிலிருந்து முல்லைத்தீவின் கரையோர ஊர்கள் வரை, ஏதேனுமொரு விளையாட்டுக் கழகத்தின் மைதானத்தில் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி நடந்துகொண்டிருக்கும். உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏறி அதைப் பார்க்க வருகின்ற சனத்திடம் றக்பியைப் பற்றிக் கேட்டால், பத்திரிகையில் படத்தைக் கண்டதாகச் சிலர் சொல்லக்கூடும். பலர் அதையும் சொல்லார். கிளிநொச்சி நகரை ஊடறுத்துச் செல்லும் பெருந்தெருவுக்குக் கண்டி வீதி என்றே பெயர். ஆயினும் கண்டியிலே வேரூன்றிய றக்பி அந்த வீதியால் வடக்கே பெரிதாய் வந்து சேரவில்லை.

ஒரே ஆட்சியாளர் கப்பலேற்றிக் கொண்டுவந்த இரண்டு ஆட்டங்களுள் ஒன்று இலங்கையின் ஒரு பகுதியினருக்குப் பரம்பரைச் சொத்தாகவும், மற்றையது இந்தியாவின் கோடிக்கணக்கான எளியோருக்கு உயிர்மூச்சாகவும் ஆனது எவ்வாறு என்ற வினாவுக்கு, ஆட்டங்களின் சுபாவத்தை மாத்திரம் ஆராய்ந்து விடை காண முற்படுவோர் பாதி வழியிலே நின்றுவிடுகிறார்கள். ஓர் ஆட்டம் எந்த உறவின் தோளில் ஏறி ஊருக்குள் நுழைகிறதோ, அந்த உறவே அதன் இரசிகர் யார் என்பதையும் அவர் எப்படி நடந்துகொள்வார் என்பதையும் தீர்மானிக்கிறது என்பது என் துணிபு.

இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே. 1863இல் இலண்டனில் கூடி விதிகளை வகுத்த கழகங்களுள், பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதையும் எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைப்பதையும் விட்டுக்கொடுக்க மனமில்லாதவை பிரிந்து சென்றன. 1871இல் றக்பிக்கெனத் தனிச் சங்கம் அமைந்தது. பதினைந்து பேர், எண்பது நிமிடம், பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. எதிரியை நோக்கி முன்னேற வேண்டியவன் பந்தைப் பின்னால் வருகிற தோழனிடமே கொடுக்க வேண்டும் என்ற இந்த விசித்திர நியதியிலேதான் றக்பியின் அழகு முழுவதும் அடங்கியிருக்கிறது. உதைபந்தாட்டத்துக்கு அத்தகைய தத்துவ விசாரம் வேண்டியதில்லை. பதினொருவர், தொண்ணூறு நிமிடம், உருண்டையான ஒரு பந்து, இரண்டு கம்பங்கள். கம்பங்கள் இல்லாவிடின் இரண்டு செருப்புகள்.

இந்தியாவில் றக்பியும் வெகு முன்னரே கால் பதித்தது என்றால் இன்று பலர் வியப்பர். 1872ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று கல்கத்தாவிலே பிரித்தானியர் தமக்குள் இரு பிரிவாகி இந்த ஆட்டத்தை ஆடினர். அடுத்த மாதமே கழகமும் கண்டனர். ஆனால் படைப்பிரிவொன்று இடம் மாறிச் சென்றது. போலோவும் டெனிசும் மோகத்தைப் பறித்துக்கொண்டன. கழகத்திலே இலவசமாக ஊற்றிக்கொடுத்த மது நின்றவுடன் அங்கத்தவர்களின் விளையாட்டு ஆர்வமும் வற்றிப்போயிற்று என்று றக்பியின் சரித்திரகாரர்கள் சற்றுக் குறும்பாகவே எழுதுகிறார்கள். எஞ்சிய அங்கத்தவர்கள் வங்கியிலிருந்த வெள்ளி ரூபாய்களை மீட்டு, அவற்றை உருக்கி, மூன்று நாகங்கள் கைப்பிடிகளாகவும் மூடிமேல் யானை நிற்கவும் அழகியதொரு கிண்ணம் செய்வித்து, இங்கிலாந்துச் சங்கத்துக்கு அனுப்பிவைத்தனர். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்கொத்லாந்தும் அந்தக் கல்கத்தாக் கிண்ணத்துக்காகவே மோதி வருகின்றன. ஆட்டத்தை ஊரில் விதைக்காது போனவர்கள் கிண்ணத்தை மட்டும் தாயகத்துக்கு அனுப்பிய அந்தக் கதையிலே, வந்து போகிறவர்களின் கழகம் எத்தகையது என்பது தெளிவாகிறது.

இலங்கையிலோ வேறு விதமாக நிகழ்ந்தது. 1879இல் கொழும்பிலே ஆங்கிலேயரின் கழகம் தோன்றியது உண்மையே. தேயிலைத் தோட்டத் துரைமார் மலைநாட்டுக் கழகங்களில் ஆடியதும் உண்மையே. ஆனால் அவர்களோடு மாத்திரம் நின்றிருந்தால் கல்கத்தாவின் கதியே இங்கும் நேர்ந்திருக்கும். கண்டியிலே கிங்ஸ்வூட் கல்லூரியைத் தாபித்த லூயி எட்மண்ட் பிளேஸ் என்ற பறங்கியப் பெருமகனார் 1891இல் றக்பியைத் தம் மாணவருக்குப் பயிற்றுவித்தார். 1906இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் முதலாவது பாடசாலைப் போட்டியை ஆடின. துரைமார் கப்பலேறிப் போகலாம், பாடசாலை போவதில்லை. ஆண்டுதோறும் புதிய பிள்ளைகள் சேர்கிறார்கள், பழைய பிள்ளைகள் தந்தையராகித் தம் மக்களை அதே வாசலால் அழைத்து வருகிறார்கள். கொழும்பு றோயல் கல்லூரியின் அதிபர் பிரட்பி விடைபெறும் வேளையில் வழங்கிய கேடயத்துக்காக 1945இல் தொடங்கிய றோயல்–திரித்துவப் போட்டி, கொழும்பில் ஒன்றும் கண்டியில் ஒன்றுமாக இரண்டு ஆட்டங்களின் கூட்டுப் புள்ளியால் வெற்றியை நிர்ணயிப்பது. அதைப் பார்க்க வெளிநாடுகளிலிருந்து விமானமேறி வருகிறவர்கள் உண்டு.

அந்தக் கூட்டத்தின் இயல்பைச் சற்று நின்று நோக்க வேண்டும். பப்பரே வாத்தியம் முழங்க, கல்லூரிக் கொடியைத் தோளில் போர்த்து நிற்கும் நரைத்த தலையர் ஒருவர், தமது வகுப்புத் தோழரைக் கண்டதும் பள்ளிக்காலத்துப் பட்டப்பெயரைச் சொல்லிக் கூவி அழைப்பார். அருகில் நிற்கும் பேரனும் அதே நிறத்துச் சட்டை அணிந்திருப்பான். இதில் ஒரு சோபை உண்டு, மறுக்கவியலாது. ஆயினும் அந்தச் சோபைக்குள் அனுமதி பெறும் சீட்டு, விளையாட்டின்மீதுள்ள அபிமானம் அன்று. ஐந்து வயதிலே கல்லூரி அலுவலகத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு விண்ணப்பப் படிவம். கல்லூரிக் கழுத்துப்பட்டி இல்லாதவன் அங்கே விருந்தாளி. கண்டிக் கழகம் பல்லாண்டுகள் நாட்டின் வெற்றிக் கிண்ணங்களைக் குவித்த காலத்திலே ஊர்ச்சனமும் ஓரளவு திரண்டதுண்டு. கிங்ஸ்வூட்டில் பயின்று தேசிய அணிக்குத் தலைமை தாங்கிய பாசில் மரிஜாவின் பந்தெறிதலை, எந்தக் கல்லூரியையும் சாராத கண்டி வியாபாரிகளும் முச்சக்கரவண்டிச் சாரதிகளும் கொண்டாடினர். ஆனால் அது விதியல்ல, விலக்கு.

இனி, கல்கத்தாவின் உதைபந்தாட்டத்தைப் பார்ப்போம். 1889இல் பிறந்த மோகன் பகான் கழகம், 1911 ஜூலை 29ஆம் நாள், கிழக்கு யோர்க்சயர் படைப்பிரிவின் சப்பாத்துக் கால்களை எதிர்த்து, ஒருவரைத் தவிர அனைவரும் வெறுங்காலராய் ஆடி, முதலில் ஒரு கோலை வாங்கிப் பின்னர் சிப்தாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் அடித்த கோல்களால் இரண்டுக்கு ஒன்று என வென்று சுற்றுப்போட்டிக் கேடயத்தைப் பெற்றபோது, மைதானத்துக்குள் நுழைய முடியாது வெளியே நின்ற பெருந்திரளுக்குப் பட்டங்களைப் பறக்கவிட்டே கோல் நிலவரம் அறிவிக்கப்பட்டது. அந்த வெற்றி எந்தப் பாடசாலைக்கும் உரியதன்று. அடிமைப்பட்டிருந்த ஒரு ஜனசமூகத்துக்கே உரியது. அதன் பின்னர் 1920இல் ஈஸ்ட் பெங்கால் தோன்றியது. 1947இன் பிரிவினையால் வீடிழந்து, நிலமிழந்து, கிழக்கு வங்கத்திலிருந்து வந்து புகையிரத நிலையங்களிலும் தகரக் கொட்டகைகளிலும் தங்கிய இலட்சக்கணக்கானோர், தங்களுக்கென்று அந்நகரில் ஒரு முகவரி வேண்டியபோது அந்தச் சிவப்பும் பொன்னும் கலந்த சட்டையைப் பற்றிக்கொண்டார்கள். ஈஸ்ட் பெங்கால் வென்றால் இல்ஷா மீனும், மோகன் பகான் வென்றால் இறாலும் சந்தையில் விலை ஏறும் என்பது அந்நகரத்தின் நெடுநாட் பேச்சு.

இந்த அபிமானத்துக்கு இருண்ட முகமும் உண்டு. 1980 ஆகஸ்ட் 16ஆம் நாள் ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் இவ்விரு கழகங்களும் மோதியபோது மூண்ட கலவரத்தில் பதினாறு இரசிகர் மாண்டனர். ஆனால் அதே இரசிகர் கூட்டந்தான், 2024 ஆகஸ்டில் கல்கத்தா மருத்துவமனையொன்றிலே பெண் மருத்துவர் கொடூரமாகக் கொல்லப்பட்டதை அடுத்து இரு கழகங்களின் போட்டி இரத்தாக்கப்பட்டபோது, சோல்ட் லேக் மைதானத்தின் வெளியே பகை மறந்து ஒன்றாகத் திரண்டு நீதி கேட்டது. பிரட்பி கேடயத்துக் கூட்டம் இவ்வாறு வீதிக்கு இறங்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. அது தன் கல்லூரி நினைவுகளைப் புதுப்பிக்கவே கூடுகிறது, நாட்டின் குரலாய் ஒலிக்கவன்று.

கல்கத்தாவை விடவும் நமது வன்னிக்கு நெருக்கமாக எனக்குத் தோன்றுவது கேரளத்து மலப்புறம். அறுவடை முடிந்த வயல்வெளிகளில் கமுகு மரத்தையும் மூங்கிலையும் கட்டி எழுப்பிய தற்காலிக மேடைகளில் நெருக்கியமர்ந்து, அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டத்தை இரவெல்லாம் பார்க்கும் அந்தச் சனம், ஆபிரிக்க நாடுகளிலிருந்து கூலிக்கு வருகிற ஆட்டக்காரரைத் தம் வீட்டுப் பிள்ளைகளாக்கிக்கொள்கிறது. வன்னியிலும் ஏழு பேர், ஒன்பது பேர் என்றே பல சுற்றுப்போட்டிகள் நடைபெறும், மின்னொளியில் நடைபெறும், ஒலிபெருக்கியிலே வர்ணனை செய்பவர் ஆட்டத்தை விட அதிகமாய்க் கைதட்டல் வாங்குவார், மத்தியஸ்தரின் ஊதலுக்கு எதிராய் எழும் வசைமாரியில் பெண்களின் குரலும் குறைவின்றிக் கேட்கும்.

ஆனால் மலப்புறத்துக்கு இல்லாத ஒன்று வன்னிக்கு உண்டு. இரணைமடுவின் நீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்தும் தீவுப் பகுதிகளிலிருந்தும் வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள், 1958இலும் 1977இலும் இனக்கலவரங்களுக்கு அஞ்சி மலைநாட்டிலிருந்து வந்து வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் தங்கியவர்கள், முல்லைத்தீவின் பூர்வீக விவசாயிகள், கரையோர மீனவர் என்று பல வேர்களை உடைய சனம், சாதியும் ஊரும் பார்த்துச் சம்பந்தம் செய்யத் தயங்கும் அதே சனம், மாலை ஐந்து மணிக்கு ஒரு கழகத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரே பக்கம் ஆடியது. கல்கத்தா அகதிக்கு ஈஸ்ட் பெங்கால் எதைச் செய்ததோ, அதைச் சிறிய அளவிலே, பெயரும் புகழும் இல்லாமல், வன்னியின் சனசமூக நிலையங்களும் விளையாட்டுக் கழகங்களும் செய்தன.

2009இலே அந்தச் சனம் முழுவதும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் துரத்தப்பட்டு, கடைசியில் செட்டிகுளத்து முகாம்களில் முட்கம்பிக்குள் அடைபட்டது யாவரும் அறிந்ததே. மீள்குடியேறிய பின்னர், கூரைத் தகரம் வந்து சேர்வதற்கு முன்பே மைதானத்துப் பற்றையை வெட்டத் தொடங்கிய இளைஞர்களைப் பெரியவர்கள் சிலர் கடிந்துகொண்டனர். பிறகு அவர்களும் வந்து வேலி ஓரத்தில் நின்றனர். இன்று நடைபெறும் சுற்றுப்போட்டிகளில் பெரும்பாலானவை ஞாபகார்த்தக் கிண்ணங்கள். இறந்துபோன ஆட்டக்காரன், ஆசிரியர், கழகத்தின் பழைய தலைவர் ஆகியோரின் பெயரால், கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் சகோதரர் அனுப்பும் பணத்தில் அவை நடக்கின்றன. கிண்ணம் வழங்கும்போது இறந்தவரின் தாயாரை மேடைக்கு அழைப்பது வழக்கம். இந்த ஆட்டத்துக்கு வருகிறவனை வெறும் இரசிகன் என்று சொல்லிவிட என் மனம் இசையவில்லை.

இருந்தும், இத்தனை உறவும் மாவட்ட எல்லையைத் தாண்டியதும் அறுந்துவிடுகிறது. 1995இல் கொழும்பிலே தெற்காசியக் கிண்ணத்துக்கான இறுதியாட்டத்தில் இந்தியாவையே வென்ற இலங்கை உதைபந்தாட்டம், இன்று ஆசியாவின் கடைசி வரிசையில் நிற்கிறது. 2023 ஜனவரியில் சர்வதேச உதைபந்தாட்டச் சங்கம் இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. அதற்கு ஐந்து மாதம் முன்னர் இந்தியச் சம்மேளனமும் அதே தண்டனையைச் சில நாள் அனுபவித்தது. நிருவாகச் சீர்கேட்டில் இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று சளைத்தவையல்ல என்பதை இங்கே ஒப்பீட்டின் பூரணத்துவம் கருதிக் குறிப்பிட்டு, மேலே செல்கிறேன்.

இந்தியாவில் றக்பி இப்போது மீண்டும் தளிர்விடுகிறது என்பது கவனிக்கத்தக்கது. ஒடிசாவின் புவனேசுவரத்தில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான கலிங்க சமூக விஞ்ஞான நிறுவனத்தின் மாணவர், 2007இல் இலண்டனிலே பதினான்கு வயதுக்குட்பட்டோர் போட்டியொன்றை வென்று திரும்பினர். அதற்குக் காரணம் அந்தப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பாடசாலை ஒன்று அந்த ஆட்டத்தைத் தன்னுடையதாக்கியமையே. இதற்கு நேர்மாறானது 2025 ஜூனில் மும்பையில் நடந்த றக்பி பிரிமியர் லீக். அதன் முதலாவது கிண்ணத்தை வென்ற அணியின் பெயர் சென்னை புல்ஸ். ஆனால் எல்லா ஆட்டங்களும் மும்பையிலே நடந்தபடியால், வியாசர்பாடியின் குறுந்தெருக்களில் பந்து உதைத்து வளர்கின்ற வடசென்னைப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த வெற்றிக்காக வெடி கொளுத்தினர் என்று கேட்கத் தோன்றுகிறது. வெற்றி இருந்தது, ஊர்ப்பெயர் இருந்தது, உறவு மட்டும் இல்லை.

போருக்குப் பின்னர் வடக்கின் சில பாடசாலைகளுக்கு றக்பிப் பந்துகளும் பயிற்றுநரும் வந்தமையை நான் குறை சொல்லேன். மாணவிகள் அந்த ஆட்டத்தை ஆர்வத்தோடு எடுத்துக்கொள்வதைக் காணும்போது மகிழ்ச்சியே உண்டாகிறது. ஆனால் கொழும்பிலும் கண்டியிலும் இந்த ஆட்டத்தின் பருவம் தென்மேற்குப் பருவமழையோடு வருவது; மழையில் நனைந்த புல்லிலே ஒருவனை இழுத்து விழுத்தினால் அவன் சேறு பூசி எழும்புவான். அதே மாதங்களிலே வன்னியின் மைதானம் சோளகத்தில் காய்ந்து கல்லாய்க் கிடக்கும். அங்கே விழுகிறவன் தோலுரிந்து எழும்புவான். ஆகையால், நல்லெண்ணத்தோடு இந்த ஆட்டத்தை வடக்கே அனுப்ப விழைகின்ற கொழும்புக் கனவான்களிடமும் மாகாண அதிகாரிகளிடமும் நான் வேண்டுவது இவ்வளவே: முதலில் மைதானத்துக்குப் புல்லும் அதற்கு வருடம் முழுவதும் நீரும் தாருங்கள், அடுத்து, பக்கத்துப் பக்கத்துப் பாடசாலைகள் இரண்டைச் சேர்த்து, ஆட்சி மாறினாலும் அதிபர் மாறினாலும் தவறாத ஓர் ஆண்டுப் போட்டியை ஏற்படுத்துங்கள், ஊர்க் கழகங்களின் உதைபந்தாட்டத்துக்கு ஒதுக்கிய நேரத்தையும் நிலத்தையும் அதற்காகப் பறிக்காதீர்கள். பந்துகளைப் பிறகு அனுப்பலாம்.