ஓய்வு என்னும் சொல்

ஓய்வுநாளை இளைப்பாறும் நாள் என்றே நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் விளக்குகின்றன. இவ்விளக்கம் குறைபாடுடையது. மழை ஓய்ந்தது, ஓயாமல் உழைத்தான் என்னும் வழக்குகளில் ‘ஓய்’ என்பதன் பொருள் நின்றுபோதலே. எபிரேய ‘ஷாபத்’தும் அத்தகையதே, மன்னா நின்றுபோனதைக் கூறும் யோசுவா 5:12இலும் அவ்வினையே வருகிறது. இளைப்பாறுதலுக்கு ‘நூவாக்’ என்னும் வேறு வினை உண்டு. யாத்திராகமம் 23:12 இவ்விரண்டையும் இணைக்கிறது: எஜமான் தன் வேலையை நிறுத்த வேண்டும், அதனால் எருதும் கழுதையும் இளைப்பாறும். நிறுத்துதல் ஒருவனுடைய கடமை. இளைப்பாறுதல் அதனால் பிறருக்கு வரும் பயன்.

திருச்சபை இளைப்பாறச் சென்ற கோடைக்கானலை இவ்வசனத்தின் ஒளியில் நோக்குவோம். அமெரிக்க மதுரை மிஷன் 1845இல் அங்கே வீடுகள் கட்டியது. சமவெளியின் வெப்பத்தாலும் நோயாலும் நலிந்தோருக்கு அது தேவையாயிருந்தது, குறைகூறுவதற்கில்லை. ஆயினும் மோட்டார் சாலை அமையுமுன், பழனி மலைச்சரிவில் பயணிகளையும் அவர்தம் பெட்டிகளையும் சுமந்து ஏறியோர் கூலியாட்கள். ஒருசாரார் இளைப்பாறுவதற்காக மறுசாராரின் சுமை ஓயாதிருந்தது. வசனமோ இதற்கு நேர்மாறான ஒழுங்கைக் கற்பிக்கிறது. ஜனங்களைச் சுமையினின்று ஓயச் செய்தார்கள் என்பதே மோசே, ஆரோன்மேல் பார்வோன் சாட்டிய குற்றம் (யாத். 5:5), அங்கும் வினை ஷாபத்தே.

மலையில் தியான முகாம் நடத்தும் நாம், அங்கே நமக்குச் சமைப்பவர் என்று ஓய்கிறார் எனக் கேட்டபின் ஓய்வுநாளைப் பிரசங்கிப்பது நலம்.