நந்தனார் சரித்திரமும் இக்கால அவையும்

பழைய நாடகங்கள் இக்காலத்தார்க்குப் பயன்படுமோ என்னும் வினா காரைக்கால் அன்பர்கள் சிறப்பாக ஆராயத்தக்கதாகும். கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1860களின் தொடக்கத்தில் முதன்முதல் அச்சேறியது, அந்நாளிற் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டிருந்த அவ்வூரிலேயாம். சீசே என்னும் பிரெஞ்சு அதிகாரி அதன்கண் ஈடுபட்டு அச்சிடுவித்தார்.

அந்நூற்குச் சிறப்புப்பாயிரம் அளிக்க மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் முதலில் இசைந்திலர். இலக்கண வழுக்களும், சேக்கிழார் திருவாக்கொடு மாறுபட்ட பகுதிகளும் தடையாயின. பின்னர்ப் பாரதியார் பாடக் கேட்டு உளமுருகி அளித்தனர் என்பது உ. வே. சாமிநாதையரவர்கள் எழுதியவற்றால் விளங்கும்.

அம்மாறுபாடு யாது? பெரியபுராணத்தில் திருநாளைப்போவாரைத் தடுக்கும் ஆண்டை இல்லை. அவர் தம் பிறப்பை நினைந்து தாமே தயங்கி நாட்கழித்தார். பாரதியாரோ வேதியராகிய நிலக்கிழார் ஒருவரைப் படைத்து நிறுத்தினார். நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்தாலன்றித் தில்லைக்கு விடையில்லை என்கின்றார் அவ்வேதியர். இறைவனருளால் ஓரிரவிற் பயிர் விளைந்து நிற்கக் கண்டு, நந்தனார் அடிகளில் வீழ்கின்றார்.

இது புராணத்திற் பிறழ்ந்ததென்பது உண்மையே. ஆயினும் அடியாருள்ளத்து அடங்கிக் கிடந்த தடையை, அதனை விளைத்தவர் முகத்தோடு அவைமுன் காட்டியது நாடகமேயன்றோ?

1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புத் தீண்டாமையை ஒழித்தமையின் இந்நாடகம் காலங்கடந்தது என்பார் உளர். சட்டம் ஆலயக் கதவைத் திறக்கும், ஆணவமலத்தை நீக்குமோ? அம்மலம் வேதியரிடத்து இருந்தது. கேட்போராகிய நம்மிடத்தும் உளது.

ஈண்டு ஒரு குறையை எடுத்துரைத்தல் வேண்டும். இசையரங்குகளில் இதன் கீர்த்தனைகள் சிலவே தனித்துப் பாடப்படுகின்றன. அங்கே வேதியர் மறைந்துபோக, நந்தனார் இரப்பு மட்டும் இனிய இசையாய் எஞ்சுகின்றது. கேட்போர் கண்ணீர் உகுத்துத் தம்மை நந்தனாரெனக் கருதி மகிழ்வர். வேதியரெனக் கருதி நாணுவாரில்லை. இவ்வாறு கேட்பதனாலேயே நாடகம் பழமையாகின்றது.

இறுதியில் நந்தனார் தீயிற் புகுதல் இக்கால அவையை வருத்துமெனின், வருத்துக. அது புராணத்தும் உள்ளதே. தூய்மை வேண்டியிருந்தது அவர்க்கோ, அவரைப் புறத்தே நிறுத்தினார்க்கோ என்னும் வினா அவையோர் நெஞ்சில் எழுமாயின் அந்நாடகம் இன்றும் உயிருடையதே. ஆதலின் இதனைத் துண்டாடாது முழுமையும் நடித்துக் காட்டுதல் அன்பர் கடனாகும்.