விடுவதும் கொடுப்பதும்

2019-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி, மார்கழி அமாவாசையன்று பிடித்த சூரிய கிரகணத்தை ராஜபாளையத்தில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன். கோயமுத்தூர்க்காரர்களுக்கும் திண்டுக்கல்காரர்களுக்கும் அன்று முழு வளையம் கிடைத்தது. எங்களுக்குப் பிறைதான். அதில் குறையொன்றும் இல்லை. 2010 ஜனவரி 15-இல், தை அமாவாசையன்று, இதே ஊர்க்காரர்கள் உச்சி வேளையில் வளையத்தைப் பார்த்தவர்கள்.

நான் சொல்ல வந்தது வானத்தில் பார்த்ததைப் பற்றி அல்ல. மாடியிலிருந்து இறங்கி வந்து படித்த ஒரு கட்டுரையைப் பற்றி. நண்பர் வீட்டு ஊஞ்சலில் கிடந்த பத்திரிகை ஒன்றில் கிரகண பலன் இரண்டு பக்கத்துக்கு வந்திருந்தது. சூரியன், சந்திரன், புதன், குரு, சனி, கேது ஆகிய ஆறும் தனுசில் கூடியிருக்கின்றன. கிரகணம் பிடிப்பது கேதுவுக்குரிய மூல நட்சத்திரத்தில். கேதுவோ பற்றறுக்கும் கிரகம், மோட்ச காரகன். ஆகையால் இது விட்டுவிடுவதற்கான காலம். பழைய கசப்புகளை விடுங்கள், உறவுகளின் சுமையை விடுங்கள், நேற்றை விடுங்கள் என்று அதன் ஆசிரியர் எழுதியிருந்தார். நடை நன்றாகவே இருந்தது. கதை எழுதினால் அவர் தேறுவார்.

ஜோதிடம் பலிக்குமா என்ற விசாரணையில் நான் இறங்கப் போவதில்லை. கிரகணம் நிழலால் வருவது என்று ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டைக் குறிப்பிட்டு எழுதிய நூலிலேயே தீர்மானமாகிவிட்டது. பஞ்சாங்கம் கணித்தவர்களும் நிழலோடு பழகியவர்கள்தாம். 1825-இல் புதுச்சேரியில் ஜான் வாரன் என்ற வெள்ளைக்காரர் முன்பு தமிழர் ஒருவர் தரையில் சிப்பிகளை வைத்து, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணம் பிடித்த நேரத்தில் பிழை நாலு நிமிஷம்தான். விடும் நேரத்தில் பிழை கொஞ்சம் அதிகம், ஐம்பது நிமிஷத்துக்கு மேல். காகிதமும் பென்சிலும் இல்லாமல் நம்மில் யார் அவ்வளவு செய்வோம்?

என் புகார் எழுத்தைப் பற்றியது. அந்தப் பத்திரிகைப் பக்கத்தையும் ஒரு பழைய பஞ்சாங்கத்தின் கிரகணக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். பஞ்சாங்கக்காரர் வறண்ட மனிதர். பிடிக்கும் நேரம், நடு, விடும் நேரம். கேட்டை, மூலம், பூராடம், அசுவினி, மகம் நட்சத்திரக்காரர்கள் சாந்தி செய்துகொள்ள வேண்டும். குளிக்க வேண்டும், தர்ப்பணம் செய்ய வேண்டும், தானம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். ராகுவுக்கு உளுந்து, கேதுவுக்குக் கொள்ளு என்று தானியத்தைக்கூட அவர் பேர் சொல்லித் தருவார். மனத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

‘விடு’ என்ற வினை அவரிடமும் உண்டு. ஆனால் அவருடைய வாக்கியத்தில் எழுவாய் யார்? ‘கிரகணம் விட்டது’ என்கிறோம். விடுகிற வேலை பாம்புடையது. அந்தக் கடைசிக் கட்டத்துக்குத்தான் சாஸ்திரத்தில் மோட்சம் என்று பெயர். சூரியனுக்கு மோட்சம், நமக்கல்ல. மனிதனுக்கு வைத்த வினை ‘கொடு’. வராகமிகிரர் கூட, கிரகணம் நிழல்தான் என்று சாதித்துவிட்டு, அப்படியானால் ராகுவுக்கு என்ன வேலை என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறார்: அந்த வேளையில் மனிதர்கள் கொடுக்கும் தானத்தில் அவனுக்குப் பங்கு என்று வரமாம். பாம்பு பொய்யானாலும் தானம் நின்றுவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு இருந்திருக்கிறது. கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் பாருங்கள். சூரிய கிரகண புண்ணிய காலத்தில் நீர் வார்த்துக் கொடுத்த நிலம் என்று வந்தால், கொடுத்தவன் பெயர், வாங்கினவன் பெயர், நாலு எல்லை, எல்லாம் கூடவே வரும். கல்லில் வெட்டியவனுக்குச் செயப்படுபொருள் இல்லாமல் வாக்கியம் எழுதத் தெரியாது.

நம்முடைய புதிய ஆசிரியர் அந்தச் செயப்படுபொருளைத்தான் உருவி எடுத்துவிட்டார். உளுந்து போய்க் கசப்பு வந்தது. வாங்கிக்கொள்ள எதிரே ஓர் ஆள் வேண்டியதில்லை. கையிலிருந்து காலணா குறையாது. படிக்கிறவருக்கு மனம் லேசாகும் என்பதை நான் மறுக்கவில்லை. லேசான மனம் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

என் நண்பர் பேண்டேஜ் துணித் தறி வைத்திருப்பவர், நல்லவர். அன்று கிரகணம் விட்டபின் குளித்துவிட்டு வந்து, “தங்கச்சி மேல இருந்த கோபத்தையெல்லாம் இன்னியோட விட்டுட்டேன்” என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. கோபம் எதற்கு என்பது எனக்குத் தெரியும். தகப்பனார் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு அது. உயில் எழுதாமல் அவர் காலமாகிவிட்டார். 1956-ஆம் வருஷத்துச் சட்டப்படி மகளுக்கும் மகனோடு சம பாகம். தங்கை கேட்டாள், அண்ணனுக்குக் கோபம் வந்தது.

வீட்டைப் பற்றிப் பேசும்போது, அதே ஊரில் இன்னொரு வீடு நினைவுக்கு வராமல் இருக்குமா? 1949 முதல் 1952 வரை சென்னையில் முதல் மந்திரியாக இருந்த குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் தம் வீட்டையே ஊருக்குக் கொடுத்தார். காந்தி கலை மன்றம் அங்கேதான் அமைந்தது. அவர் எந்தக் கிரகணத்துக்கும் காத்திருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. 1952 தேர்தலில் தோற்றவர். அந்தக் கசப்பை விட்டாரா, வைத்துக்கொண்டாரா என்று ஊரில் யாரும் கேட்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பஸ்ஸில் அரை மணிகூட ஆகாது. கிரகணம் முடிந்து குளித்து வந்த ஜனங்கள் கோயில் வாசலில் நிறைந்திருந்தார்கள், மார்கழி வேறு. அந்த ஊர்ப் பெண்ணுக்கு ஊர் வைத்த பேரே சூடிக் கொடுத்தவள். அவள் மாலை இன்றைக்கும் புரட்டாசிப் பிரம்மோற்சவத்துக்குத் திருமலைக்குப் போகிறது. அங்கேயும் ‘கொடு’தான்.

நண்பரின் தங்கை சன்னதித் தெருவுக்குப் பின்னால் குடியிருக்கிறாள். கணவன் இல்லை, இரண்டு பெண்கள். அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன். அடுப்பிலிருந்து காப்பியை இறக்கி ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

“கோபத்தை விட்டா எனக்கென்ன, வச்சிருந்தா எனக்கென்ன அண்ணாச்சி? அது அவரு சாமான். என் பாகத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க.”

பத்திரிகை ஆசிரியரின் இரண்டு பக்கத்துக்கு இதைவிட நல்ல மதிப்புரை என்னால் எழுத முடியாது. புறப்படும்போது அண்ணனுக்கென்று அரைக் கிலோ பால்கோவா வாங்கி வந்து என் கையில் வைத்தாள்.

ராத்திரி ராஜபாளையத்தில் பொட்டலத்தைக் கொடுத்தேன். “என்ன சொன்னா?” என்று கேட்டார். சொன்னேன். அவர் பொட்டலத்தைப் பிரிக்காமல் ஊஞ்சல் பலகைமேல், அந்தப் பத்திரிகைக்குப் பக்கத்தில் வைத்தார்.