கல்லீரல் மதிப்பெண்ணும் நுரையீரல் அறுவைச் சிகிச்சையும்

அல்புமின், பிலிருபின் ஆகிய இரண்டை மட்டும் கொண்டு கணக்கிடப்படும் 'அல்பி' மதிப்பெண், கல்லீரல் புற்றுநோயாளரின் கல்லீரல் திறனை அளக்க 2015இல் முன்வைக்கப்பட்டது. பழைய சைல்டு-பியூ முறையில் வயிற்றில் நீர் தேங்கிய அளவு போன்றவற்றை மருத்துவரே மதிப்பிட வேண்டியிருந்தது. அக்குறையை இது நீக்கியது. இப்போது நுரையீரல் புற்றுநோய் அறுவைச் சிகிச்சையின் விளைவை முன்கணிக்கவும் இம்மதிப்பெண் எடுத்தாளப்படுகிறது. முன்கணிப்பு பொருந்தலாம், அதற்குக் கல்லீரலைக் காரணமாகக் கூறுவதே ஐயத்திற்குரியது.

சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். லிட்டருக்குப் பிலிருபின் 10 மைக்ரோமோல், அல்புமின் 40 கிராம் எனில் மதிப்பெண் −2.74, அது முதல் நிலை. அல்புமின் 38 ஆனாலே மதிப்பெண் −2.57 ஆகிறது; −2.60 என்னும் எல்லையைக் கடந்து நோயாளி இரண்டாம் நிலைக்கு வந்துவிடுகிறார். இரண்டு கிராம்தான்! பிலிருபினில் மாற்றமே இல்லை. அல்புமினோ அழற்சியாலும் ஊட்டக்குறையாலும் குறையக்கூடியது. புற்றுநோயாளரிடம் இவ்விரண்டும் அடிக்கடி காணப்படுபவை. ஆகவே கல்லீரல் நோயற்றவரிடம் இம்மதிப்பெண் காட்டுவது பெரும்பாலும் உடலின் பொதுநிலையாகவே இருக்கக்கூடும். அல்புமினை மட்டும் கொண்ட முன்கணிப்போடு 'அல்பி'யை ஒப்பிட்டு, பிலிருபின் கூடுதலாக என்ன தருகிறது எனக் காட்டாத ஆய்வு, கல்லீரலைப் பற்றி முடிவு கூற இயலாது. இவ்வொப்பீட்டிற்குப் புதிய குருதிச் சோதனை எதுவும் வேண்டியதில்லை. இரு மதிப்புகளும் அதே தரவில் உள்ளன.