தராசும் சிரிப்பும்

ஹெலன் பீல்டிங் எழுதிய 'பிரிட்ஜெட் ஜோன்ஸின் நாட்குறிப்பு' 1995 இல் இலண்டன் 'இன்டிபென்டன்ட்' நாளிதழில் பத்தியாகத் தொடங்கி, 1996 இல் நாவலாக வெளிவந்தது. முப்பது வயதைத் தாண்டிய, திருமணமாகாத இலண்டன் பெண்ணொருத்தியின் ஓராண்டுக் குறிப்புகளே இந்நாவல். நிறை எத்தனை இறாத்தல், எவ்வளவு மது, எத்தனை சிகரெட், எத்தனை கலோரி எனக் கணக்கெழுதிய பின்னரே அன்றைய கதை தொடங்கும்.

மதுவும் சிகரெட்டும் கலந்த அந்த வாழ்வு நமக்கு அந்நியமானது. ஆனால் அந்தக் கணக்கேடு அந்நியமானதல்ல. 'பிள்ளை கொஞ்சம் மொத்தம்' என்று சொல்லிவிட்டுப் போகும் மாப்பிள்ளை வீட்டார் நமது கரையோரக் கிராமங்களிலும் உண்டு. அந்தக் 'குறை'க்கு ஈடாகச் சீதனம் கூடுவதும் உண்டு. இங்கே கணக்கைப் பிறர் எழுதுகிறார்கள். பிரிட்ஜெட் தானே எழுதிக்கொள்கிறாள். வேறுபாடு அவ்வளவே.

நமது திரைப்பட நகைச்சுவையில் பருத்த பெண் பிறர் சிரிப்பதற்கான பொருள். பீல்டிங்கின் எள்ளலோ உடலை விட்டுத் தராசின் மீது பாய்கிறது. 18 ஆண்டுகள் முயன்று, தான் விரும்பிய 119 இறாத்தலை, ஏறத்தாழ 54 கிலோவை, பிரிட்ஜெட் ஒருநாள் எட்டுகிறாள். அன்று விருந்துக்குப் போனால் நண்பர்கள் சுகமில்லையா என விசாரிக்கிறார்கள். முன்னர் இருந்ததே அழகு என்கிறார்கள். நாவலின் உச்சம் இதுவே. சிரித்து முடிக்கும்போதுதான் அந்த 18 ஆண்டுகள் நமக்கு உறைக்கின்றன.

ஆயினும் இந்த உண்மையை நாவலாசிரியை இறுதிவரை கொண்டுசெல்லவில்லை. ஜேன் ஒஸ்டின் 1813 இல் வெளியிட்ட நாவலின் அமைப்பைத் தழுவியதால், மார்க் டார்சி என்ற வசதிபடைத்த சட்டத்தரணியின் வருகையோடு எல்லாம் சுபமாகிறது. தராசு எழுப்பிய வினாவுக்கு மாப்பிள்ளை விடையாகிவிடுகிறான்.

இதே வகையில் ஆயிஷா மாலிக் 2015 இல் எழுதிய நாவலின் நாயகி சோபியா கான், ஹிஜாப் அணியும் இலண்டன் பெண். மணம் பேசும் முஸ்லிம் உலகை அவளே எழுதிச் சிரிக்கிறாள். மார்க்கப் பற்றும் நகைச்சுவையும் ஒருத்தியிடமே இணைந்திருக்கலாம் என்பதற்கு இது சான்று.

தமிழில் முஸ்லிம் பெண் நாவல் எழுதுவது புதிதன்று. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938 இலேயே 'காதலா கடமையா' நாவலைத் தந்தார். பெண் பார்க்க வந்தவர்களைப் பற்றி, பார்க்கப்பட்டவளே சிரித்துக்கொண்டு எழுதும் நாவலொன்று நமது கரையிலிருந்தும் வரவேண்டும். அதைப் படித்து முதலில் சங்கடப்பட வேண்டியவர்கள் ஆண்களாகிய நாமே.